ஆறு கிளிப்பும் ஒரு சங்கும்

எங்கள் கம்பெனியின் பின்பக்கச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் சாக்பீஸால் 'அவசர வழி' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். அப்படி ஒரு வழி அங்கே கிடையாது. அது நான் ஏறிக் குதித்த இடம். மழையில் எழுத்து அழிந்துபோனாலும் கவலையில்லை, யாராவது ஒரு புண்ணியவான் மறுபடி எழுதிவிடுவான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பிச் சுருள்களை உலையில் வைத்துச் சுட்டு, பதமாக இளக்கி அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் உலையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பேனலில் நிற்பவன். ஆபத்துச் சங்கு ஊதினால் எனக்கு இரண்டே வேலை. முதலில் உலைக்குப் போகும் கேஸ் வால்வைக் கவனிக்க வேண்டும். பிறகு, ஓடாமல், கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். அங்கே தலையை எண்ணுவார்கள். போன தடவை நடந்த ஆபத்து ஒத்திகையில் நான் வால்வையும் பார்க்கவில்லை, வேப்பமரத்தையும் பார்க்கவில்லை. கண் திறந்து பார்க்கும்போது பக்கத்துக் கம்பெனியின் வளாகத்தில், முழங்கால் கிழிந்த பேன்ட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கம்பெனிக் காவலாளி நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "எங்க சார் நெருப்பு?" என்று கேட்டார். "தெரியலையே" என்றேன். இந்தப் பக்கம் தலைக்கணக்கில் ஒரு தலை குறைகிறது என்று சாக்கடை வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார்கள். குறைந்த தலை அந்தப் பக்கம் இரண்டாவது டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர், ஆனால் கோபத்தில் பெரியவர்.

"இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா ஃபர்னஸ்ல உன்ன வெக்க முடியாது. டிஸ்பாட்ச்சுக்குப் போயிடு. அங்க உக்காந்து சுருளுக்கு அட்டை கட்டு."

"சார், டிஸ்பாட்ச் கேட்டுக்குப் பக்கத்துல கீது. ஓடறதுக்கு வசதிதான்" என்றேன். எதற்கும் ஒரு ஜோக் சொல்லிவிடுவது என் நோய். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து நானும் சிரிக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். வீட்டில் குக்கர் விசிலடித்தால் எனக்குத் தோள் தூக்கிப் போடும். கதவை யாராவது பட்டென்று சாத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரயில் கேட்டில் நிற்கும்போது, கேட் மூடித்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பேன். இப்படிப்பட்டவனுக்குப் பயமே இல்லாத ஒரே இடம், செக்கச்செவேலென்று எரிகிற அந்த உலைக்கு முன்னால்தான். காரணம் கேட்காதீர்கள். அந்தச் சீரான உறுமலும், பேனலில் அசையாமல் நிற்கிற முள்ளும் என்னைத் தட்டிக் கொடுப்பதுபோல இருக்கும். டிஸ்பாட்ச்சில் போய் அட்டை கட்டினால் சம்பளம் குறையாது. ஆனால் நாள் முழுக்க பயத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

இந்த நிலைமையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாதுகாப்பு அதிகாரி பேசுவார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, புதிதாக வந்தவர், எல்லோரையும் 'அண்ணே' என்பார். அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, அடுத்த வாரம் ஒரு மாக் டிரில், அதான் ஒத்திகை, இருக்கு. திங்கள்ல இருந்து சனிக்குள்ள ஏதோ ஒரு நாள். எந்த நாள்னு அன்னைக்குக் காலையில ஷிப்ட்டுக்கு வரும்போதுகூட உங்கள்ல ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அதுதான் சர்ப்ரைஸ்."

எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நான் அந்த நிமிடமே நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். நாளைச் சொல்லிவிட்டால் அந்த ஒரு நாள் பயப்பட்டுவிட்டுப் போவேன். நாளைச் சொல்லாததால் ஆறு நாளும் பயப்பட வேண்டும். ஒரே ஒத்திகைக்கு ஆறு பயம். என்ன அநியாயம் இது?

அன்று சாயங்காலமும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நான் வீட்டில் பட்ட பாட்டைப் பார்த்து என் மனைவிக்கு அலுத்துவிட்டது. நாஷ்டா தட்டில் இட்லி அப்படியே கிடந்தது.

"டிரில்லுன்னா இன்னாங்க? சங்கு ஊதுவான், நடந்து போயி மரத்தாண்ட நிப்பீங்க. இதுக்குப் போயி இட்லிய ஏன் மொறச்சிகினு கீறீங்க?"

"எந்த நாள்னு தெரியலடி. அதான் பேஜாரு."

"எங்க அண்ணன் திருவாலங்காட்லருந்து எந்த நாள் வர்றேன்னு சொல்லிகினா வருது? வந்து நிக்கும். சோறு போடறோம். போயிடுது."

"உங்க அண்ணன் வந்தாலும் எனக்கு அப்டித்தான் கீது" என்றேன். இட்லித் தட்டு பறிக்கப்பட்டது.

மாடிக்குப் போனேன். மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கவரைப்பேட்டையிலிருந்து ரயிலேறி பொன்னேரிக் கல்லூரிக்குப் போகிறவள், கணக்குப் படிக்கிறாள். அப்பன் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டாள். அதிகாரி சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. எனக்கு வந்த கஷ்டத்தில் அவளுக்கு ஏதோ சந்தோஷம் இருந்தது.

"ப்பா, அப்டின்னா அந்த டிரில் வரவே வராது!"

"இன்னாது?"

"தோ பாரு." கொடியில் என் நீலநிறக் கம்பெனிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்காக அதன்மேல் வரிசையாகக் கிளிப் போட்டிருந்தாள். ஆறு கிளிப். ஒவ்வொன்றாகத் தொட்டு, "திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி" என்றாள். "இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரிக்கும் டிரில் வரலைன்னு வெச்சிக்கோ. மிச்சம் இன்னா நாளு?"

"சனி."

"அப்போ சனிக்கிழமை காலையில எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல, இன்னிக்குத்தான்னு? தெரிஞ்சா சர்ப்ரைஸ் இல்ல. ஸோ, சனிக்கிழமை வெக்க முடியாது." சனிக்கிழமைக் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். "சனி இல்லன்னா கடைசி நாள் எது?"

"வெள்ளி."

"வியாழன் சாயங்காலம் வரிக்கும் வரலைன்னா, சனி ஏற்கெனவே போச்சு, மிச்சம் வெள்ளிதான். வெள்ளிக்கிழமை காலையில எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஸோ, வெள்ளியும் போச்சு." அந்தக் கிளிப்பும் போனது. அதே கணக்கில் வியாழன் போனது, புதன் போனது, செவ்வாய் போனது. ஒவ்வொரு கிளிப் கழலும்போதும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. கடைசியில் திங்கட்கிழமையையும் கழற்றி, வெறும் கையை விரித்துக் காட்டினாள். "ஒரு நாளும் இல்ல. அவர் சொன்ன மாதிரி டிரில் வெக்கவே முடியாது."

எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது. இவளைப் படிக்கவைத்தது வீண்போகவில்லை.

"ஆனா ப்பா, இதுல ஒரு சிக்கல் கீது. இது ஒரு..." என்று அவள் தொடங்கவும், ஒரு காற்று அடித்தது. ஆறு கிளிப்பும் பையில் இருந்தால் சட்டையை யார் பிடிப்பது? சட்டை மாடிச் சுவரைத் தாண்டிப் பறந்து, பின்வீட்டு எருமைத் தொட்டியில் விழுந்தது. நான் கீழே ஓடினேன். எருமையோடு வழக்குப் பேசி, சட்டையை மீட்டு, அலசிக்கொண்டு வருவதற்குள் மகள் தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அந்தச் 'சிக்கல்' என்ன என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க விருப்பமில்லை. மருந்து வேலை செய்யும்போது அதன் பக்கவிளைவை எவன் படிப்பான்?

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில், நிம்மதியைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாமல், கேன்டீனில் கடை விரித்தேன். ஒரு தட்டில் ஆறு வடையை வரிசையாக வைத்தேன். எதிரே கிரேன் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர். எங்கள் தலைக்கு மேலே கிரேனில் உட்கார்ந்து கம்பிச் சுருளைத் தூக்கி உலைக்குள் இறக்குபவர். பக்கத்தில் கம்பியின் தரத்தைச் சோதிப்பவர்; ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாதவர்.

சனிக்கிழமை ஏன் முடியாது என்று விளக்கினேன். கிரேன்காரர் தலையாட்டிவிட்டு, சனிக்கிழமையை எடுத்துக் கடித்தார்.

"சனி சரி நைனா. வெள்ளி இன்னா பாவம் பண்ணுச்சு?"

"சனிய நீ தின்னுட்டல்ல? இப்போ கடைசியில நிக்கறது வெள்ளி. கடைசியில நிக்கறவன் மாட்டிக்குவான். அவ்ளோதான் கணக்கு."

"அப்போ வெள்ளியயும் துன்றேன்." தின்றார். வியாழனைப் பக்கத்து மேஜைக்காரன் எடுத்தான். கூட்டம் சேர்ந்துவிட்டது. புதனும் செவ்வாயும் போனதே தெரியவில்லை. திங்கள் மட்டும் தட்டில் இருந்தது.

"இன்னிக்கு?" என்றார் கிரேன்காரர்.

"மத்ததெல்லாம் போச்சுன்னா மிச்சம் இன்னிக்கு ஒண்ணுதான? இப்போ உனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சா சர்ப்ரைஸ் இல்ல." கடைசி வடையை நானே எடுத்துக்கொண்டேன்.

"அப்போ டிரில்லு எங்க நைனா போச்சு?"

"உன் வயித்துல கீது."

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. தரம் பார்ப்பவர் மட்டும் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சபையில வேற மாதிரி சொல்லுவாங்க" என்றார். "எந்த நாள்னு தெரியாதுன்னா, தெனமும் ரெடியா இருன்னுதான் அர்த்தம். வரவே வராதுன்னு அர்த்தம் இல்ல."

"இன்னா ஐயா, ஆறு வடையும் போன அப்பறம் சொல்றீங்க" என்றார் கிரேன்காரர்.

திங்கட்கிழமை சங்கு ஊதவில்லை. சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள். கணக்கு தெரிந்தவன் என்று பெயர் வந்துவிட்டது. சுவரேறி என்ற பெயரோடு ஒப்பிட்டால் இது பதவி உயர்வு.

செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஒரு லாரி ஹாரன் அடித்தது. தோள் தூக்கிப் போட்டது. 'சங்கோ?' என்று மனம் துள்ளியது. 'சங்காக இருக்க முடியாது, ஒத்திகைதான் வராதே' என்று அதைத் தட்டி உட்காரவைத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒத்திகை வராது, சரி. அப்படியென்றால், சங்கு ஊதினால்?

ஊதினால் அது ஒத்திகை இல்லை. ஒத்திகை இல்லாத சங்கு என்றால் நிஜ நெருப்பு.

பஸ்ஸுக்குள்ளேயே வேர்த்துவிட்டது. ஒத்திகை என்ற ஒன்று இருந்தவரை, சங்கு ஊதினால் 'சும்மாவாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சாக்கைத்தான் நான் ஆறு வடையாக்கி ஊருக்கே ஊட்டிவிட்டேன். ஒத்திகையை ஒழித்துவிட்டு நெருப்பை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறேன். என்னைப்போல ஒரு புத்திசாலி தொழிற்பேட்டையிலேயே இருக்க முடியாது.

இறங்கியதும் கிரேன்காரரைப் பிடித்தேன். "யோவ், நேத்து சொன்னத மறந்துடு. டிரில்லு வந்தாலும் வரும்."

"எப்டி வரும்? நீதான நிரூபிச்சே?"

"தப்பா நிரூபிச்சிருப்பேன்."

"எந்த வடையில தப்பு, சொல்லு பாக்கலாம்."

நானும் யோசித்துப் பார்த்தேன். சனி நிச்சயமாக முடியாது. சனி முடியாதென்றால் வெள்ளி முடியாது. எங்கே தொட்டாலும் சரியாகத்தான் இருந்தது. முடிச்சு நான் கட்டியதுதான், அவிழ்க்கத்தான் தெரியவில்லை. கிரேன்காரர் என் தோளில் தட்டி, "பயப்படாத நைனா, உன் கணக்கு கெட்டி" என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். அந்தக் கெட்டிதான் எனக்கு வினை என்று அவருக்கு எப்படிப் புரியும்? அன்று முழுக்க மூக்கை உறிஞ்சி உறிஞ்சி கேஸ் வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சளியா என்று ஒருவன் கேட்டான். உலையின் உறுமல்கூட அன்று என்னைத் தட்டிக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை, தேநீர் முடிந்து வந்து பேனலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சங்கு ஊதியது.

ஒரு கணம் ஒருவரும் அசையவில்லை. பிறகு தலைக்கு மேலேயிருந்து கிரேன்காரரின் குரல் கேட்டது: "நைனா! இது டிரில்லு இல்ல!"

ஆறு வடையும் வேலை செய்தது. ஒத்திகை நாட்களில் சிரித்துக்கொண்டு, செல்போன் பார்த்துக்கொண்டு, அசைந்து அசைந்து போகிறவர்கள் அன்று போன வேகம் இருக்கிறதே! ஆனால் ஓடவில்லை, ஒருவரையொருவர் இடிக்கவும் இல்லை. வெல்டிங் செய்தவன் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் நகர்ந்தான். கிரேன்காரர் தொங்கிக்கொண்டிருந்த சுருளைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு இறங்கினார். ஒத்திகை என்றால் அதை அந்தரத்திலேயே விட்டுவிடுகிறவர். தரம் பார்ப்பவர் கடைசி மூலையில் வேலை செய்த பெண்களை அழைத்துக்கொண்டு போனார்.

நான் எங்கே இருந்தேன் என்றால், பேனல் முன்னாலேயே. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கால் வரவில்லை. போன முறை மூளையைக் கேட்காமல் சுவரேறிய அதே கால், இந்த முறை நிஜ நெருப்பு என்றதும் தரையோடு ஒட்டிக்கொண்டது. ஓட முடியாதவனுக்குக் கைதான் மிச்சம். கைக்கு எட்டிய தூரத்தில் வால்வின் சக்கரம் இருந்தது. பிடித்தேன். சுற்றினேன். முழுக்க மூடினேன்.

உலையின் உறுமல் நின்றது.

இத்தனை வருஷத்தில் ஷிப்ட் நேரத்தில் அந்த அமைதியை நான் கேட்டதில்லை. சங்குகூட அதற்குள் நின்றுவிட்டிருந்தது. நெருப்பு எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வந்தது பாதுகாப்பு அதிகாரி. கையில் ஸ்டாப்வாட்ச்.

"அண்ணே! பிரமாதம், இடத்துலயே நிக்கிறீங்க! சரி, போர்டை மாட்டிட்டு மரத்தடிக்கு வாங்க."

போர்டு. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒத்திகையில் எங்கள் கம்பெனியில் யாரும் வால்வை நிஜமாக மூடுவதில்லை. 'மூடப்பட்டது' என்று பெயின்டில் எழுதிய ஒரு தகரப் பலகை பக்கத்தில் தொங்கும். அதை எடுத்து வால்வின்மேல் மாட்டினால் மூடியதாகக் கணக்கு. உலையை நிஜமாக அணைத்தால், மறுபடி கொளுத்திப் பதத்துக்குக் கொண்டுவர ஒரு ஷிப்ட் போய்விடும். உள்ளே வெந்துகொண்டிருக்கிற சுருள்கள் பாதி இளகியும் பாதி விறைத்தும், என் மனநிலைபோல ஆகிவிடும்.

"மூடிட்டேன்" என்றேன்.

"போர்டைக் காணோமேண்ணே?"

"போர்டு இல்ல. வால்வு."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் காதைத் தீட்டி உலையின் பக்கம் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த இளமுகத்தில் ஓடிய கலவரத்தைப் பார்த்ததும்தான் எனக்கே புரிந்தது: நெருப்பு இல்லை, எல்லாம் ஒத்திகை, அணைந்து கிடக்கிற உலை மட்டும்தான் நிஜம். டிஸ்பாட்ச்சில் எனக்காக ஒரு கட்டு அட்டை காத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மேனேஜரின் அறையில் நான் நடுவில் நின்றேன்.

"மாக் டிரில்ல எவனாவது வால்வ மூடுவானாய்யா?"

"சார், நெசத்துல மூடணும்ல சார்?" என்றார் பாதுகாப்பு அதிகாரி, எனக்காக.

"நெஜத்துல மூடணும்."

"அண்ணன் நெசம்னு நெனச்சிட்டாரு சார்."

"ஏன் நெனச்சான்? இந்த வாரம் டிரில்னு நீதான சொன்னே?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "டிரில் வராதுன்னு நிரூபிச்சிட்டேன் சார்" என்றேன்.

விளக்க வேண்டியதாயிற்று. கிளிப்பும் இல்லை, வடையும் இல்லை. மேனேஜரின் மேஜையிலிருந்த பேனாக்களை வரிசையாக வைத்துச் சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் எரிச்சலோடு பார்த்தார். வெள்ளிக்கிழமைப் பேனாவை எடுக்கும்போது "இரு, இரு" என்றார். பேனாவைத் திரும்ப வைத்து, அவரே எடுத்துப் பார்த்தார். அவர் இன்ஜினியரிங் படித்தவர். தப்பைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். மூன்று முறை அடுக்கினார், மூன்று முறை கலைத்தார். சாப்பாட்டு மணி அடித்தது, அவர் எழவில்லை.

"கணக்கு சரியாத்தான்யா வருது" என்றார் கடைசியில். "ஆனா டிரில் வந்துச்சே!"

"புதன்கிழமை வந்துச்சு சார்" என்றார் அதிகாரி. "ஒருத்தரும் எதிர்பார்க்கல. நான் சொன்ன மாதிரியேதான் வந்துச்சு. அதுவும் சார், நான் வந்ததுல இருந்து இவ்வளவு ஒழுங்கா எல்லாரும் வெளிய வந்து நான் பார்த்ததில்ல. ஏன்னா அவுக ஒத்திகைன்னே நெனைக்கல. எல்லாம் அண்ணன் புண்ணியம்."

மேனேஜர் பேனாக்களைக் கோப்பைக்குள் போட்டார். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். தேடினேன், வரவில்லை. அதற்குப் பதிலாக, "சார், ஃபர்னஸ்ல இருந்து எடுத்துடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "சார், நாளைக்கு நெசமாவே கேஸ் கசிஞ்சா, அங்க போர்டை மாட்டுற ஆள் வேணுமா, வால்வை மூடுற ஆள் வேணுமா?"

"ரெண்டும் வேணும்!" என்று கத்தினார் மேனேஜர். கத்திய பிறகு அவருக்கே அதில் ஏதோ இடறியது. "நெஜம் மாதிரியே செய்யணும். ஆனா நெஜமா செஞ்சிடக் கூடாது. இது புரியலயா உங்களுக்கு?" எங்களுக்குப் புரிந்ததா என்று பார்த்தார். பிறகு தனக்கே புரிந்ததா என்று ஜன்னலைப் பார்த்தார்.

முடிவு இதுதான். நான் உலையிலேயே இருக்கலாம். ஆனால் இனி ஒத்திகை வைத்தால், எனக்கு மட்டும் முந்தின நாளே ரகசியமாகச் சொல்லிவிட வேண்டும். நான் போர்டை மாட்ட வேண்டும், வால்வைத் தொடக் கூடாது. அந்த ரகசியம் வேறொருவருக்கும் தெரியக் கூடாது.

வீட்டில் வந்து மகளிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "அதான் ப்பா அந்தச் சிக்கல்" என்றாள். "வராதுன்னு நீ நம்பினதாலதான் எந்த நாள் வந்தாலும் அது திடீர்னு வந்த மாதிரி ஆச்சு. உன் நிரூபணமே டிரில்லுக்கு வழி பண்ணிக் குடுத்துச்சு."

"அப்போ கணக்கு எங்கடி தப்பு?"

"அதுலதான் சண்டையே. எங்க மேடம் ஒண்ணு சொல்றாங்க, புக்குல வேற சொல்றாங்க. 'தெரியும்'னா இன்னா அர்த்தம்னு கேக்கறாங்க."

"இத்த ஞாயித்துக்கிழமையே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீதான் சட்டைக்குப் பின்னாடி ஓடிகினு இருந்தியே."

"பாவம் அந்த எருமை" என்றாள் உள்ளேயிருந்து மனைவி.

அதற்கப்புறம் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்: ஒத்திகை என்றால் எனக்கு முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். எனவே, சொல்லாத நாளில் சங்கு ஊதினால் அது நிஜம். சொல்லாத நாட்கள் எத்தனை? எல்லா நாளும்! முன்பு ஒரு வாரம்தான் பயந்தேன். இப்போது தினமும் காலையில் பாதுகாப்பு அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால், 'இன்றைக்கு ஊதினால் நெருப்புதான்' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன். நான் போகும்போது செக்‌ஷனே என் முகத்தைப் பார்க்கிறது. ரகசியம் வெளியாகிவிட்டது, எப்படி என்று தெரியாது, வடை மாதிரி தானாகப் பரவியிருக்கும்.

"இன்னா நைனா, சொல்ட்டாங்களா? நாளைக்கா?" என்பார் கிரேன்காரர்.

"இல்லய்யா."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லி இருப்பாங்க. அதான் இல்லன்றே."

"சரி, ஆமா. நாளைக்குத்தான்."

"நீ ஆமான்னா அது ஜோக்கு. அப்போ இல்ல."

இந்த வாயை வைத்துக்கொண்டு இனி எந்த உண்மையையும் யாரிடமும் சேர்க்க முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அதிகாரி பேனல் பக்கமாக வந்து, முள்ளைப் பார்ப்பதுபோல் குனிந்து, "நாளைக்குண்ணே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அப்பாடா என்று வீட்டுக்குப் போனேன். இட்லியைத் தின்றேன். மறுநாள் போர்டைத் துடைத்துக் கையருகில் வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னபடி ஊதியது.

கை போர்டுக்குப் போனது. அந்த நேரம் பார்த்துத்தானா மூளை பேச வேண்டும்? 'ஒத்திகை நாளில் நிஜ நெருப்பு வரக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா?'

இடது கையால் போர்டை மாட்டினேன். வலது கை சக்கரத்தை விடவில்லை. மேலேயிருந்து கிரேன்காரர் கத்தினார்: "டிரில்லா, நெசமா? சொல்லு நைனா!"

"டிரில்லுதான்யா!" என்று முழு உண்மையைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

நான் சொன்னதாலேயே அவர் நம்பவில்லை. சுருளைப் பத்திரமாக இறக்கிவிட்டு, வேர்த்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். மற்றவர்களும் அவரைப் பார்த்துவிட்டு ஒழுங்காக நடந்தார்கள். நானும் விரல் விரலாக வலது கையைப் பிரித்தெடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சாக்பீஸ் அம்புக்குறி ஒரு பக்கம் கூப்பிட்டது. அந்தப் பக்கம் போகவில்லை. வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றேன். அதிகாரி தலை எண்ணினார். எல்லாத் தலையும் இருந்தது.

"பாத்தீங்களாண்ணே, எவ்வளவு ஈஸி?" என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. கூரைக்கு மேலே எங்கள் உலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வாயில் சூட்டில் காற்று நெளிந்தது. உள்ளே உலை எரிந்துகொண்டிருக்கிறது. வால்வில் 'மூடப்பட்டது' என்று ஒரு தகரம் தொங்குகிறது. நாங்கள் எல்லோரும் இங்கே மரத்தடியில் நிற்கிறோம். அதன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

"எண்ணி முடிச்சாச்சுல்ல? நான் உள்ள போலாமா?" என்றேன்.

"இருங்கண்ணே, ஃபோட்டோ எடுக்கணும்."

கால் துடித்தது. இந்த முறை சுவர்ப்பக்கம் இல்லை.